அக்காவின் அறுபது கிலோ

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, அக்கா வழியனுப்ப நிற்காமல் வேலைக்குப் போய்விட்டாள். ஈட்டி எறிபவர்களுக்கு முதல் அளவீடு முடிந்து, எட்டு வாரப் பயிற்சி அன்றுதான் தொடங்குகிறதென்று சாக்குச் சொன்னாள். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

விளையாட்டுப் பயிற்சி ஆய்வுக்கூடத்தில் வீரர்களின் பலத்தை அளப்பது அவள் வேலை. கம்பியை இழுத்தால் எத்தனை கிலோ என்று ஒரு கருவி காட்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் இரும்பு எடைகளை மாட்டிப் பார்க்க வேண்டும். அக்கா மாட்டுவதில்லை. ஒன்பது வருடமாக அறுபது கிலோவில் அசையாமல் இருந்தவள், தானே அந்தக் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கிவிடுவாள். வீரர்கள் அவளுக்கு வைத்த பெயர் வௌவால் அக்கா.

நான் போன பிறகு, ஒருத்திக்காக அடுப்பு மூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கருவி ஐம்பத்தெட்டு என்றது. கருவிக்கு வயதாகிவிட்டதென்று அதன் திருகாணியைத் திருகி அறுபதாக்கினாள். சில வாரத்தில் மறுபடி ஐம்பத்தெட்டு. மறுபடி திருகினாள். நான் போனில் கேட்கும்போதெல்லாம், "சாப்ட்டேன்டி, நீ உன் வேலையப் பாரு" என்பாள்.

எட்டாவது வாரம் எல்லோருக்கும் ஏழு சதவீதம் பலம் கூடியிருந்தது. ஆய்வுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சியாளர் மட்டும் அக்காவிடம் வந்து நின்றார்.

"காகிதத்துல பலம் ஏறுது, ஈட்டி அதே இடத்துலதாம்மா விழுது. பசங்க தோள் வலிக்குதுங்கறாங்க. இதையே வருஷம் முழுக்கச் செய்யணுமாம்."

அன்று அறுபது கிலோ இரும்பை மாட்டினாள். அறுபத்துநான்கு காட்டியது. கருவி முதலில் சரியாகத்தான் இருந்திருக்கிறது; இளைத்தது அவள்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகியிருக்கும். நேரே தலைவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இருபத்திரண்டு பேர், எட்டு வாரம். அளக்கறவங்க சாப்பிடல, அதனால முடிவு தப்புன்னு எழுதவா?"

"எழுதுங்க சார். நடந்தது அதுதானே."

எழுதினார். அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

நான் திரும்பி வந்த பிறகுதான் இதையெல்லாம் சொன்னாள். இப்போது ஒரு பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறாள். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாளாம்.

போன வாரம், நாலு வருடம் கழித்து, பயிற்சியாளரிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. "அந்தப் பயிற்சிய அப்பவே விட்டுட்டோம்மா. தூரம் ஒண்ணும் பெருசா கூடல. ஆனா ஒருத்தனுக்கும் தோள் போகல. சொல்லணும்னு தோணுச்சு."