முன்னச்சு கசிந்ததில் என் பங்கு

அம்பாசமுத்திரத்தில் வண்டி பழுதுபார்க்கும் ஒருவரின் கைத்திறனைத் தொண்ணூறுகளில் நான் பிறர் முன்னிலையில் பழித்தேன். அப்பழியை நம்பியவர்களுள் ஒருவர், நான் அதைத் திரும்பப் பெறுமுன்னரே திசையன்விளைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் கண்ணில் படக்கூடும் என்றே இதனை எழுதுகின்றேன்.

அக்காலத்தில் நான் பள்ளித் தலைமையாசிரியன். ஆற்றின் அக்கரையில் எங்களுக்கு வாழைத்தோட்டம் இருந்தது. நீர் குறைந்த இடத்தில் இறங்கிக் கடந்து தார்களை ஏற்றிவர, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். அதன் முன்னச்சில் எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைத்தது. பழுதுபார்ப்பவர் சக்கரங்களைக் கழற்றி, அச்சுத் தண்டுகளை உருவி, தேய்ந்த எண்ணெய்க் காப்பு வளையங்களை, அவர் மொழியில் ஆயில் சீல்களை, நீக்கிப் புதியன பொருத்தினார். வளையத்தின் மெல்லிதழ் எண்ணெயை நோக்கி இருத்தல் வேண்டும் என்று எனக்குக் காட்டவும் செய்தார். அவ்வறிவே பின்னர் அவருக்கு வினையாயிற்று.

பத்து நாளில் மீண்டும் கசிந்தது. பட்டறையில் வேறு இரு வண்டிக்காரர்கள் நிற்கையில், "இதழைத் தலைகீழா வச்சிட்டீரே, வே" என்றேன்.

அவர் மறுபடியும் சக்கரங்களைக் கழற்றி வளையங்களை மாற்றினார். அதுவும் கசிந்தது. அவ்விருவரும் தத்தம் வண்டிகளை வேறு பட்டறைக்கு ஓட்டிச் சென்றனர்.

மூன்றாம் முறை அவர் சக்கரத்தைத் தொடவில்லை. வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, அச்சின் மேற்புறத்தைத் துணியால் துடைத்தார்.

"சார்வாள், இங்கன கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இது என்ன, செவப்பா?"

சிறு துளை ஒன்று. அதன் வாயில் அரக்கு. பள்ளியில் விடைத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்ததில் மிஞ்சிய துண்டு. முதன்முறை வளையம் மாற்றிய மறுநாள், அவர் வேலையைப் பாதுகாக்கும் கருத்தில் நானே உருக்கி ஊற்றியது.

"ஆத்துத் தண்ணி உள்ள போயிருமேன்னு அடைச்சேன்."

"அது மூச்சு விடுத ஓட்டைல்லா. ஓடுதப்ப சூடாகி உள்ள காத்து பெருகும். மேல வழியில்லன்னா சீலைத் தாண்டித்தான் எண்ணெயத் தள்ளும்." திருப்புளியால் பைய சுரண்டினார். "நல்லாத்தான் சீல் வச்சிருக்கிய. பரிச்சப் பேப்பர்னா ஒண்ணுகூட வெளிய வந்திருக்காது."

"அந்த ரெண்டு பேர்ட்டயும் நீரே சொல்லிரும்."

"நான் சொன்னா, சமாளிக்கான்னும்பாவ. கெடுத்த வாய்தான் சொல்லணும், சார்வாள்."

துளையைத் திறந்துவிட்டு அன்றே அவர் பொருத்திய புது வளையங்கள் பின்னர்க் கசியவில்லை. ஒருவர் வீட்டுக்கு நடந்தே சென்று சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, மறுநாளே வண்டியைப் பழைய பட்டறைக்கு அனுப்பினார். மற்றவர் வீடு பூட்டியிருந்தது.

திசையன்விளை அன்பரே, அவர் இதழைச் சரியாகவே வைத்திருந்தார். ஏனையோர், இயந்திரச் செய்தி எதனையேனும் நான் பிழைபட உரைத்திருப்பின் திருத்தி எழுதுக. எழுதுமுன் அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்க; கேளாமல் திருத்தியவன் பட்டதை மேலே சொல்லிவிட்டேன்.