அந்தரத்தில் நின்ற உலக்கை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்த நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தேன். அதுவரை சுவரில் மாட்டிய படம் என்றால் எனக்குச் சாமிப்படம்தான். அதனால் முதன்முதலாகப் போன ஓவியக் கண்காட்சி மண்டபத்தின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"செருப்பைப் போடும். மானம் போகுது," என்றார் என் கணவர்.

பாவம், அவருக்கு அவருடைய கவலை. அவர் வேலை பார்த்த கந்தோரின் பெரிய கிளாக்கரும் அன்று வந்திருந்தார். கணவரின் பதவி உயர்வுக் கடிதம் அந்த மனிதரின் கையெழுத்துக்காகக் கிடந்தது. "அவர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு நில்லும்" என்று ரயிலிலேயே எனக்குச் சொல்லியாயிற்று. நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு போனேன். பச்சை முகம், கோணல் வீடு என்று படங்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

பிறகு ஒரு படத்தின் முன் நின்றோம். ஒருத்தி மா இடிக்கிறாள். இரண்டு கைகளும் விரிந்திருக்கின்றன. உலக்கை எந்தக் கையிலும் இல்லை.

பெரிய கிளாக்கர் சிரித்தார். "உலக்கை அந்தரத்தில நிக்குது. கையோடை சேத்துக் கீற மறந்துபோனான் போல."

என் கணவரும் சிரித்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிழமைதோறும் மா இடிக்கிறவள் நான். தூக்கிய உலக்கையை ஒரு கை விட, அது விழுமுன் மற்றக் கை பிடித்துக் குத்தும். நடுவில் கண்ணிமைக்கும் நேரம் அது எந்தக் கையிலும் இராது. இத்தனை வருடம் இடித்தும் நானே கவனிக்காத அந்த நேரத்தை, முன்பின் தெரியாத ஒருவன் கண்டிருக்கிறான்.

"இல்லை ஐயா, அவள் கை மாத்துறாள்," என்றேன். அத்தோடு விட்டேனா? கணவரின் குடையைப் பறித்து, மண்டபத்தின் நடுவே நின்று இடித்துக் காட்டினேன். வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எனக்கா வெட்கம்? சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "அவளின்ரை தோளைப் பாருங்கோ, எந்தப் பக்கம் சாயுது எண்டு."

பெரிய கிளாக்கர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குக் கடிதம் நினைவுக்கு வந்தது.

"இஞ்சாருங்கோ, அவருக்குப் பின்னாலை போங்கோ," என்று கணவரைக் கெஞ்சினேன்.

அவர் அசையவில்லை.

"இன்னொருக்காச் செய்து காட்டும்," என்றார். "நான் இவ்வளவு நேரமும் படத்தைப் பாக்கேல்லை. அந்த மனிசன்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."