ஊர்ப்பெயர்: மாடு தின்னாது

என் தப்பைச் சரோஜா மேடம் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் நோட்டு மெட்ராஸுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு புரொபசர் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த மழைக்கும் எங்கள் செடிக் கணக்கு நடக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குத் தாலுகா ஆபீஸில் கிளார்க் வேலை. மேடம் தாவரவியல் லெக்சரர். ஞாயிறுதோறும் நாங்கள் ஐந்தாறு பேர் சம்பளமில்லாமல் மலைச்சரிவில் சுற்றி, முளைத்திருக்கும் செடி, காளான் எல்லாவற்றையும் அந்த நோட்டில் பதிவு செய்வோம். எனக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று 'ஊர்ப்பெயர்' கட்டத்தை என் தலையில் கட்டினார்கள். புல்லறுக்க வரும் முனியம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதினேன். ஆபீஸ் புத்தி.

"இன்னா சார் இது? பதினோரு செடிக்கும் 'மாடு தின்னாது'ன்னு ஒரே பேரு! இந்தக் காளானுக்கு 'தின்னா வாந்தி'யா?" என்றார் மேடம்.

மற்றவர்கள் பாறையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. நோட்டோடு முனியம்மாவிடம் ஓடினேன்.

"ஏம்மா, இப்படி மாட்டி வுட்டுட்டீங்களே!"

அந்த அம்மா அறுப்பதை நிறுத்தவே இல்லை. "இது இன்னான்னு கேட்ட, சொன்னேன். பேரு இன்னான்னு கேட்டியா?"

கெஞ்சியதும் கூடவே நடந்து வந்து பெயர்களைச் சொன்னார். பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிச் செடியில் மறுபடி ஆரம்பித்தார்: "இதா? ஆடு தொடாது."

"ஐயோ, பேரு சொல்லும்மா!"

"அதாம்பா பேரு. ஆடுதொடா."

நானா மறுபடி ஏமாறுவேன்? கட்டத்தைக் காலியாக விட்டேன். பின்னாலேயே வந்திருந்த மேடம் சிரித்துக்கொண்டே, பக்கத்துக் கட்டத்தில் தான் எழுதியிருந்த லத்தீன் பெயரைக் காட்டினார்: அடதோடா.

"எந்தக் காலத்துலயோ உங்கள மாதிரி ஒருத்தர் கேட்டு, அப்படியே எழுதிக்கினு போயிருக்காரு சார். இப்ப உலகம் பூரா அதான் பேரு."

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம், பிரமோஷன் வந்தபோதுகூட வரவில்லை.

இரண்டு வாரத்தில் நோட்டு திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் புரொபசர் எழுதியிருந்தார்: 'பட்டியல் சரி, தொடருங்கள். ஆனால் மாடு தின்னாது என்பதை ஏன் அடித்தீர்கள்? மாடு மேயும், வேலி இல்லாத மலையில் எது பிழைக்கும் என்று வேறு யார் சொல்வார்கள்?'

நோட்டும் பேனாவுமாகக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பதிலோடு நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு எங்கள் நோட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'பேரு இன்னா', 'இது இன்னா'. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் படித்தது இரண்டாவதைத்தான்.