மாட்டின் வாயைப் பொத்திய சிப்பாய்

பர்மாச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் என் மாமா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். அவரைத் திரும்பிப் போகவிடாமல் செய்ய அம்மா ஒரு வழி வைத்திருந்தாள்: கால்கட்டு. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். பெண்டாட்டி என்று ஒருத்தி வந்துவிட்டால் எந்த வெள்ளைக்காரன் கூப்பிட்டாலும் போகமாட்டான் என்று நம்பினாள்.

உடையார்பாளையத்திலிருந்து பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை பார்க்க ஆண்டிமடத்துக்கு வந்தார். சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்பார் என்பதால், வடை வேகும்போதே அம்மா திண்ணையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பீரங்கி சுடுகிறான் என்று ஊரெல்லாம் வேறு சொல்லிவைத்திருந்தாள்.

"பட்டாளத்துல என்னா வேலைங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"கோவேறு கழுதை ஓட்டுறேங்க. மலை மேல சண்டை போடுறவங்களுக்கு அரிசியும் தோட்டாவும் ஏத்திக்கிட்டுப் போவணும்" என்றார் பொய் சொல்லத் தெரியாத மாமா.

வந்தவர் மீசைக்குள் சிரித்தார். கழுதை ஓட்டவா அவ்வளவு தூரம் போனார் என்று எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் எங்கள் மாடு கன்றைத் தேடிப் பெருங்குரலில் கத்தியது. மாமா பாய்ந்து ஓடி, அதன் முகத்தைக் கட்டிப்பிடித்து வாயைப் பொத்தினார். அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. "கத்தாத, கத்தாத" என்று கெஞ்சினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மாட்டுக்கே இந்தப் பயமா?" என்று வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டார். போட்ட இலை போட்டபடியே கிடந்தது.

லீவு முடிந்து, அரியலூரில் ரயிலேற மாமா மூட்டை கட்டினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, அன்று என்னடா ஆயிற்று என்று அழுதாள்.

"கழுதை கத்துச்சுன்னா எதிரிக்கு எடம் தெரிஞ்சிரும்க்கா. அங்கயே குண்டு வுழும். எனக்கு முன்னால நடந்தவன் அப்படித்தான் செத்தான்."

"அப்பறம் எதுக்குடா போற?"

"நான் போவலன்னா மேல இருக்கிறவங்க பட்டினி கெடப்பாங்க."

அம்மா வாசலிலிருந்து விலகி வழியை விட்டாள்.

அதற்குப் பிறகு, மாமாவிடமிருந்து சேதி வராத நாட்களில், மாடு குரலெடுத்தால் போதும், அம்மா கைவேலையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடி அதன் வாயைப் பொத்துவாள். ஆண்டிமடத்து மாடு கத்தினால் பர்மாவில் யாருக்கம்மா கேட்கும் என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.