பழைய சாலையிலிருந்து எண்ணினால்

தோட்டத்தை வாங்கியவர்கள் அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் வரும். அதற்குள் இடுகாட்டிலிருந்து யாரும் கேட்டு எடுக்காத எலும்புகள் எல்லாம் ஒரே குழிக்குப் போகும். சனிக்கிழமை மதியம் உஷாராணி ஆயர் குரோவிலிருந்து செலண்டாருக்குக் காரோட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய நான்கு வயதில் இறந்துபோன அப்பா மாயாண்டி அந்த இடுகாட்டில் எங்கோ இருந்தார்.

எங்கே என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கொர்னேலியஸ். எழுபத்தாறு வயது. அங்கே ரப்பர் பால் லாரி ஓட்டியவர். யாரும் கேட்காமலே பதினோரு வருடமாகப் பழைய ஆட்களை வீடு வீடாகத் தேடிப்போய் விசாரித்து, அடையாளம் அழிந்த இருநூற்றுச் சொச்சம் புதைகுழிகளை நோட்டில் வரைந்து வைத்திருந்தார்.

"நாலாவது வரிசை, ஒம்போதாவது ஆளு."

குழி வெட்ட வந்தவன் இடுப்பளவு இறங்கியதும் நின்றான். மண்வெட்டி நுனியில் ஜெபமாலை தொங்கியது.

"அங்கிள், எங்கப்பா முனியாண்டி சாமிக்கு ஆடு வெட்டுன ஆளு. இது அவரு இல்லலா."

கொர்னேலியஸ் ஜெபமாலையை வாங்கித் துடைத்தார். "இவன் ஃபிரெடி. எங்கூட்டு வாத்தை எனக்கே வித்தவன். அஞ்சாவது வரிசைல இருக்கணுமே."

சொல்லிவிட்டுத் தார்ச்சாலையைப் பார்த்தார். அங்கிருந்து வரிசைகளை விரலால் எண்ணினார். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது இடுகாட்டுப் பக்கமாகச் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். அவரிடம் சொன்னவர்கள் பழைய செம்மண் சாலையிலிருந்து எண்ணிச் சொன்னார்கள். அவர் தார்ச்சாலையிலிருந்து எண்ணி வரைந்துவிட்டார்.

"எண்ணுனப்ப ஒரு வரிசை கொறஞ்சுது. கடைசி வரிசையக் காடு மூடிருச்சுன்னு நெனச்சேன்மா."

ஃபிரெடியின் மேல் ஜெபமாலையை வைத்து மண்ணைப் போட்டு மூடச் சொன்னார். சாலைப் பக்கமாக ஒரு வரிசை முன்னால் நடந்துபோய் நின்றார்.

"இங்க வெட்டு. எடது தொடையில கம்பி இருக்கும். மரத்துலேருந்து விழுந்தப்ப என் லாரியிலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். வழி நெடுக என்னைத் திட்டிக்கிட்டே வந்தாரு, மெதுவா ஓட்டுறேன்னு."

அப்பாவின் கால் ஒடிந்த கதை உஷாராணிக்குத் தெரியாது. அவர் யாரையாவது திட்டுவார் என்றுகூடத் தெரியாது.

சாயங்காலம் கம்பி கிடைத்தது. துரு ஏறாமல், சாண் நீளம், தொடையெலும்போடு ஒட்டி. அவள் அதைத் தொட்டுவிட்டுக் கொர்னேலியஸைப் பார்த்தாள். கோயிலில்கூட அவள் யாரையும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

எலும்புகளை வெள்ளைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டாள்.

"அப்ப மொத வரிசை, அங்கிள்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலையோரம் போய்த் தார்மேல் ஏறி நின்றார். நோட்டைத் திறக்கவில்லை. "பெத்தம்மாள்," என்றார், ஓரடி தள்ளி நின்று. "ரெண்டாவது லயத்து வீடு. பிள்ளைத்தாச்சி." இன்னும் ஓரடி வைத்தார்.

வெட்டுகிறவனின் வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கித் தாரில் குறி போட, அப்பாவைத் தூக்கிக்கொண்டே அவள் பின்னால் போனாள்.