குவாரித் தண்ணீருக்குள் நின்றது

ஏரிகளில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு சிறு கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. 2012 கோடையில் செம்பரம்பாக்கத்தில் அளந்துகொண்டிருந்தபோது தீயணைப்புத் துறையினர் எங்களைத் தேடி வந்தார்கள். ஒரகடம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரியில் முந்தின நாள் குளிக்கப் போன தொழிலாளி திரும்பவில்லை. பாறைமேல் சட்டை, பேண்ட், செருப்பு. பாக்கெட்டில் செல்போன்.

கரையோரமாக ரப்பர் படகைக் கட்டி, சோனார் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். காணாமல் போனவனின் அறைத்தோழன், தென்காசிக்காரன், பிடிவாதமாகப் படகில் ஏறிக்கொண்டான்.

"இது கேமராவாண்ணே?"

"இல்லப்பா, காது மாதிரி. ஒரு சின்ன சத்தத்த அனுப்பிட்டு சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும். சத்தம் எதுலயாவது பட்டுத் திரும்பி வர்ற நேரத்த வச்சு ஆழத்தக் கணக்குப் போடும்."

"அப்போ அவன் பேசாம கெடந்தாலும் கேக்குமா?"

"கேக்கும்" என்றேன். 

கருவியின் திரை முழுக்கப் புள்ளிகள். ஒரே ஒரு எதிரொலியை நம்ப முடியாது; மீனாக இருக்கலாம், குமிழியாக இருக்கலாம். அதனால் படகை அசையாமல் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சத்தம் அனுப்பி, வந்ததையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினேன். தற்செயலாக வருபவை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுந்து மங்கிப்போகும். நிஜமாக இருப்பது மட்டும் அதே இடத்தில் விழுந்து விழுந்து தடிக்கும்.

புள்ளிகள் கரைந்தன. அடிப்பாறைக்கு வெகு மேலே ஒன்று மட்டும் மிஞ்சியது. நிமிர்ந்து, ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு.

"இன்னா சார், அவன்தானா?" என்றார் தீயணைப்பு வீரர்.

"ஏதோ நிக்குது. என்னன்னு இதுக்குத் தெரியாது."

அவர் முக்குளித்தார். தோழன் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்தான். அப்போது மேலே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம்.

"ஏலே, என்னத்தல தேடுதிய?"

காலில் கட்டுடன், யாருடையதோ லுங்கியில், காணாமல் போனவன் நின்றான். எதிர்க்கரைக்கு நீந்தியவனின் பாதத்தைக் கல் கிழித்திருக்கிறது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சுங்குவார்சத்திரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, ஊசி போட்ட மயக்கத்தில் ராத்திரி முழுக்க அங்கேயே தூங்கிவிட்டான்.

தோழன் கரைக்குத் தாவி அவனை ஓர் அறை அறைந்தான். பிறகு கட்டிக்கொண்டு அழுதான். அவனோ நொண்டிக்கொண்டே இறங்கி வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தான். கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; திரையில் அந்த உருவம்.

"இதத்தான் நான்னு நெனச்சியளா?"

குனிந்து திரையை விரலால் தொட்டான்.

"அப்போ இது யாரு?"

நீர் கலங்கி, முக்குளித்தவர் தலையைத் தூக்கினார். "மரம் சார். கருவேல மரம். பாறைத் திட்டுல மொளைச்சது, தண்ணி ஏறியும் அப்டியே நின்னுகினு கீது."

எல்லோரும் சத்தமாகச் சிரித்தோம், திரும்பி வந்தவனைத் தவிர. "அண்ணே, அத நிறுத்திருங்க" என்றான்.

நிறுத்தினேன். ஆட்டோ கிளம்பியபோது தோழன் அவன் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.