என் முன்னால் உட்கார்ந்து சாப்பிடு

முதலில் வந்தது புரையேறல். பக்கவாதம் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்றாம் நாள், என் மனைவி சரோஜா ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். விழி பிதுங்க இருமினேன். "யாரோ நெனைக்கிறாங்க லா" என்று உச்சந்தலையைத் தட்டினாள். அன்றைக்கு நான்கு முறை அப்படித் தட்டினாள். என்னை அத்தனை பேர் நினைக்க நியாயமே இல்லை.

டிஸ்பேஜியா (விழுங்குவதில் சிரமம்) என்றார் டாக்டர். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா (நுரையீரல் அழற்சி) வரும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் செலுத்தினார்கள். எழுபத்திரண்டு வயதில், ஒரு நாளைக்கு ஆறு முறை குழாயில் ஊற்றும் சத்துமாவுப் பால்தான் சாப்பாடு. ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தாலும் முகம் சுளிக்கிற ஆள் நான்.

பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் ஏக்கம் கூடியது. வயிறு நிறைந்திருக்கும், வாய் பட்டினி கிடக்கும். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் சன்னல் பக்கம் திரும்பிப் படுப்பேன். எங்கள் அடுப்படியிலிருந்து மட்டும் ஒரு வாசமும் வரவில்லை. அவளுக்கு நேரமில்லை போலும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, விழுங்கல் சிகிச்சைக்காக ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, வரிசையில் நின்ற சரோஜா மயங்கிச் சரிந்தாள். எனக்கு உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"ரொம்ப எளைச்சிட்டீங்க ஆன்ட்டி. வீட்ல என்னதான் சாப்பிடுறீங்க?"

"ரொட்டி. கோப்பியில முக்கி, அடுப்படியில நின்னுக்கிட்டே." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவரு வாசத்த மட்டும் புடிச்சிக்கிட்டு படுத்திருப்பாரு. நான் எப்படிம்மா கறி வைக்கிறது?"

அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே தின்றிருக்கிறாள். எனக்கு என்மேல் கோபம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் அவளுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வயசான காலத்துல ரொட்டி மட்டும் பத்தாது ஆன்ட்டி. தசை கரைஞ்சிடும். மீன், முட்டை, பருப்பு தெனமும் வேணும்" என்றார் ஆலோசகர். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே, இது உங்களுக்கும்தான்.

வீட்டுக்கு வந்ததும், குழறிய நாக்கோடு சொன்னேன். "நாளைக்கு பாசார்ல தெங்கிரி மீன் வாங்கு. கொழம்பு வை. என் முன்னால ஒக்காந்து சாப்பிடு."

"ஒங்களால தாங்க முடியாது."

"நீ எளைக்கிறதத்தான் தாங்க முடியல."

மறுநாள் கட்டிலருகே நாற்காலி போட்டுச் சாப்பிட்டாள். இரண்டாம் கவளத்தில் அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். வெந்தயமும் புளியும் மணக்க, எனக்கு வாய் ஊறியது. சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தபடி தாடையைத் தாழ்த்தி அந்த உமிழ்நீரை விழுங்கினேன். அதுவரை சோம்பிப்போய் நான் செய்யாமல் விட்ட பயிற்சி அது. அன்றிலிருந்து அவள் சாப்பிடும் நேரம்தான் என் பயிற்சி நேரம்.

ஏழாம் மாதம் விழுங்கல் பரிசோதனையில் தேறினேன். குழாயை எடுத்தார்கள். கூழாக அரைத்த சோறும் பருப்பும் கிடைத்தன. மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து அள்ளித் தின்பது இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆசை போகவில்லை. போகும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தவன், இப்போது ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம் எடுக்கிறேன். ஒரு கரண்டி, இரண்டு முறை விழுங்கல், கொஞ்சம் ஓய்வு. சரோஜா எனக்கு எவ்வளவோ முன்பே முடித்துவிடுவாள். ஆனால் எழுந்து கை கழுவ மாட்டாள். குழம்பு பட்ட விரல்கள் காய்ந்து விறைத்துப்போனாலும், என் கடைசிக் கரண்டி இறங்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.